முதல்வரும் பயிற்சிக்கு வர வேண்டும்

மே மாதம் பிறந்தால் மதுரைக் கல்லூரிகளின் கருத்தரங்கக் கூடங்களில் ஆசிரியர்கள் மாணவர்களின் இருக்கைகளில் வந்து உட்காருகிறார்கள். ஐந்து நாள் பயிற்சி, ஒரு வாரப் பயிற்சி, இரண்டு வாரப் புத்தொளிப் பயிற்சி என்று வரிசையாக நடக்கும். சில ஆண்டுகளாக இவற்றின் அழைப்பிதழ்களில் ‘திறந்த கல்வி வளங்கள்’ என்ற தலைப்பும், அதாவது யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம் என்ற அனுமதியோடு வரும் பாடப்பொருள்கள், தவறாமல் இடம்பெறுகிறது. அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் நூலகராக இருக்கும் நான் இத்தகைய பயிற்சிகளில் கற்றுக்கொள்ளவும் போயிருக்கிறேன். சில அமர்வுகளை நானே நடத்தியும் இருக்கிறேன். ஒவ்வொரு முறையும் என் கண்ணில் படுவது, அங்கே யார் இல்லை என்பதுதான்.

வருகிறவர்கள் உதவிப் பேராசிரியர்களும் சுயநிதிப் பிரிவின் இளம் ஆசிரியைகளும். கௌரவ விரிவுரையாளர்களும் வருகிறார்கள். பதவி உயர்வுக் கணக்கு எதுவும் இல்லாமலே ஆர்வத்தோடு வருகிறார்கள். முதல்வர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்பிவிடுகிறார். செயலர் நிறைவு விழாவுக்கு வருகிறார். பாடத்திட்டக் குழுத் தலைவர், தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர், அலுவலகக் கண்காணிப்பாளர் ஆகியோரை யாரும் அழைப்பதே இல்லை. நம் ஊரில் திறந்த கல்வி பயிற்சிக் கூடத்தைத் தாண்டி வகுப்பறைக்குள் வராததற்கு இதுவே முதல் காரணம் என்று நான் நம்புகிறேன். ஏன் என்பதை விரிவாகச் சொல்ல வேண்டும்.

இந்தப் பயிற்சிகளில் என்ன கற்றுத்தருகிறார்கள்? பெரும்பாலும் காணொளி எடுக்க, வினாடி வினா அமைக்க, இணைய வகுப்பை நிர்வகிக்க. எல்லாம் பயனுள்ளவைதான். ஆனால் ஒரு பாடத்தைக் காணொளியாக எடுத்து யூடியூபில் ஏற்றிவிட்டால் அது திறந்த கல்வி வளம் ஆகிவிடாது. இலவசமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். அமெரிக்கக் கல்வியாளர் டேவிட் வைலி ஐந்து அனுமதிகளைச் சொல்கிறார்: ஒரு பாடப்பொருளை நம்மிடம் வைத்துக்கொள்ளலாம், பயன்படுத்தலாம், திருத்தலாம், வேறொன்றோடு சேர்க்கலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இந்த ஐந்தையும் யாரிடமும் கேட்காமலே செய்யும்படி ஆக்கியவர் எழுத்தில் உரிமம் அளித்திருக்க வேண்டும். 2002 டிசம்பரில் வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் பல இந்த வேலையைத்தான் செய்கின்றன.

ஐந்திலும் திருத்தும் அனுமதிதான் நம் மாணவர்களுக்கு உயிர். எனக்குத் தெரிந்த பொருளியல் ஆசிரியை ஒருவர் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகம் நடத்தும் ஓபன்ஸ்டாக்ஸின் பொருளியல் பாடநூலை எடுத்துக்கொண்டார். அதில் தேவை, அளிப்பு என்ற இரண்டையும் பெட்ரோல் விலையை வைத்து விளக்குகிறார்கள். விலை ஒரு காலனுக்கு இத்தனை டாலர் என்று அட்டவணை போகும். உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் பஸ் ஏறி வரும் பிள்ளைகளுக்குக் காலன் என்றால் என்ன என்று விளக்குவதிலேயே பாதி வகுப்பு போய்விடும். அவர் அந்த அட்டவணையைத் தூக்கிவிட்டு மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டின் மல்லிகை விலையை வைத்தார். மார்கழிப் பனியில் மொட்டு குறைகிறது, வரத்து விழுகிறது. தை பிறந்ததும் முகூர்த்த நாட்கள், தேவை ஏறுகிறது. விலை எங்கே போகும்? வகுப்பில் கை தூக்காத பிள்ளையே இல்லையாம். அப்பா பூந்தோட்டம் வைத்திருக்கும் ஒரு மாணவி, “மேடம், பனிக்காலத்தில் விலை ஏறினாலும் எங்கள் வீட்டில் வருமானம் ஏறாது, பறிப்பதற்குப் பூவே இருக்காது” என்று சொல்லியிருக்கிறாள். அடுத்த பாடமான வருவாய்க்கு அவளே வழி எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

இந்தத் திருத்தத்தை அந்த ஆசிரியை ஒளித்து வைக்கத் தேவையில்லை. ஓபன்ஸ்டாக்ஸ் நூல்களில் பெரும்பாலானவை, மூல ஆசிரியரைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றிக்கொள்ளலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம் என்ற உரிமத்தில் வருகின்றன. சந்தையில் வாங்கும் பாடநூலில் இதையே செய்து ஊருக்குக் கொடுத்தால் பதிப்பகத்திலிருந்து நோட்டீஸ் வரும்.

நான் நடத்தும் அமர்வில் காணொளி கிடையாது. ஒவ்வொருவரும் தாம் உண்மையாகவே வகுப்பில் பயன்படுத்தும் ஒரு பாடக்குறிப்பை அச்செடுத்து வர வேண்டும். வண்ணப் பென்சிலால் குறிக்கச் சொல்வேன்: தாமே எழுதியது ஒரு நிறம், பாடநூலிலிருந்து எடுத்தது ஒரு நிறம், இணையத்தில் எங்கோ கிடைத்தது இன்னொரு நிறம். விலங்கியல் ஆசிரியர்களின் தாள்கள் சீக்கிரமே இணைய நிறத்தில் நிறைந்துவிடும். படங்கள் அத்தனையும் வெளியிலிருந்து வந்தவை. கூடம் சற்று அமைதியாகிவிடும். பிறகுதான் பேச்சு சூடு பிடிக்கும்.

அப்போது கட்டாயம் எழும் கேள்வி: “கல்விக்காகத்தானே எடுக்கிறோம், தப்பா?” தப்பில்லை, வகுப்பறைக்குள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கற்பிக்கும் வேலையின் ஊடே ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் படியெடுக்க இடம் தருகிறது. டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ஜெராக்ஸ் கடை வழக்கைப் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். நூல் பக்கங்களைப் படியெடுத்துத் தொகுத்து மாணவர்களுக்கு விற்றதை எதிர்த்துப் பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த அந்த வழக்கை டெல்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டு அமர்வும் அந்த ஆண்டு டிசம்பரில் கற்பித்தலுக்குத் தேவையான அளவு படியெடுப்பதை ஏற்றுக்கொண்டது. மறு ஆண்டு பதிப்பகங்கள் வழக்கைக் கைவிட்டன. நல்ல தீர்ப்பு. நம் கல்லூரி வாசல்களில் இருக்கும் ஒவ்வொரு ஜெராக்ஸ் கடைக்கும் அதனால் நிம்மதி. ஆனால் அந்தத் தீர்ப்பை வைத்துக்கொண்டு பதிப்பகத்தின் படத்தை நம் பெயரில் இணையத்தில் ஏற்றி, அதன்மேல் திறந்த உரிமமும் போட முடியாது. நம்முடையது அல்லாத ஒன்றைத் தானம் செய்ய நமக்கு உரிமை இல்லை. இந்த வேறுபாடு அரை நாளில் புரிந்துவிடும். புரிந்ததும் விலங்கியல்காரர்கள் திறந்த உரிமப் படங்களின் இணையக் களஞ்சியமான விக்கிமீடியா பொதுவகத்தில் மாற்றுப் படம் தேடத் தொடங்குகிறார்கள். சிலர் தங்கள் ஆய்வகத்துச் சிலைடுகளைத் தாங்களே படம் எடுக்கிறார்கள். அந்தப் படங்கள் பாடநூல் படங்களைவிடத் தெளிவாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன்.

உரிமங்களில் ஒரு வகையை மட்டும் தமிழ்வழி ஆசிரியர்களுக்கு அழுத்திச் சொல்வேன். ‘மாற்றம் கூடாது’ என்ற நிபந்தனையோடு வரும் உரிமத்தில் மொழிபெயர்ப்பும் மாற்றமாகவே கருதப்படும். ஆகவே அத்தகைய பாடத்தைத் தமிழாக்கி வெளியிட முடியாது. இலவசம் என்ற ஒரே காரணத்தால் அதைத் தேர்ந்தெடுத்துப் பாதி மொழிபெயர்த்த பிறகு இது தெரியவந்தால் உழைப்பு வீண். முதல் பக்கத்து உரிமக் குறியைப் படித்துவிட்டுத்தான் பேனாவை எடுக்க வேண்டும்.

முதல்வர்கள் விஷயத்துக்கு இப்போதுதான் வந்து சேர்கிறேன்.

ஓர் அமர்வு முடிந்ததும் கணிதத் துறை ஆசிரியர் ஒருவர் என்னிடம் வந்தார். “மேடம், என் குறிப்புகள் முழுக்க என் கையால் எழுதியவை. திறந்த உரிமம் போட்டு வெளியிட்டுவிடட்டுமா?” என்றார். உடனே ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. சட்டம் அப்படி விடவில்லை. அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு, மாறான உடன்பாடு ஏதும் இல்லாவிட்டால் ஊழியர் தம் பணியின் பகுதியாக ஆக்கிய படைப்புக்கு முதல் உரிமையாளர் அவரை வேலைக்கு வைத்தவரே என்கிறது. கல்லூரி ஆசிரியர் எழுதும் பாடக்குறிப்புக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பது விவாதத்துக்கு உரியது. விவாதத்துக்கு உரியது என்பதாலேயே கல்லூரி வாய் திறந்து சொல்ல வேண்டும். ‘பாடப்பொருளின் உரிமை ஆசிரியருக்கே, அவர் விரும்பினால் திறந்த உரிமத்தில் வெளியிடலாம்’ என்று ஆட்சிக்குழு ஒரு தீர்மானம் போட்டால் அந்தக் கணித ஆசிரியர் அன்று மாலையே வெளியிட்டுவிடுவார். தீர்மானம் இல்லாதபோது அவருக்கு எத்தனை பயிற்சி கொடுத்தும் பயனில்லை. அவருடைய கையில் இல்லாத ஒன்றை அவருக்குக் கற்பித்துக்கொண்டிருக்கிறோம்.

பாடத்திட்டமும் அப்படித்தான். மதுரையில் தன்னாட்சிக் கல்லூரிகள் நிறைய உண்டு. அவற்றில் பாடத்திட்டக் குழுதான் ‘பாடநூல்கள்’ என்ற பட்டியலை எழுதுகிறது. அங்கே விலைகொடுத்து வாங்கும் நூல் ஒன்றின் பெயர் இருந்தால் வினாத்தாள் அமைப்பவர் அதிலிருந்து எடுப்பார், மாணவர் அதைத் தேடுவார், நூலகம் சில படிகள் வாங்கும், மற்றவர்கள் ஜெராக்ஸ் எடுப்பார்கள். அந்தப் பட்டியலில் ஒரு திறந்த பாடநூலைச் சேர்க்க ஒரு கூட்டமும் ஒரு கையெழுத்தும் போதும். ஆனால் குழுத் தலைவர் அத்தகைய நூல் ஒன்றைக் கண்ணால் பார்த்திருக்க வேண்டும். அதன் தரத்தை எடைபோடத் தெரிந்திருக்க வேண்டும். இதை அவருக்கு யார் காட்டுகிறார்கள்?

நேரமும் ஒரு கேள்வி. பல்கலைக்கழக மானியக் குழுவான யு.ஜி.சி.யின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேர நேரடி வகுப்பு; இணைப் பேராசிரியருக்கும் பேராசிரியருக்கும் 14. அதன்மேல் விடைத்தாள், வருகைப் பதிவு, கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் அமைப்புக்கான ஆவணங்கள். வீட்டுக்குப் பேருந்து பிடிப்பதற்குள் இவற்றை முடித்துவிட்டு ஒருவர் பாடநூல் அத்தியாயத்தைத் தமிழாக்குவார் என்று எதிர்பார்ப்பது இரக்கமற்ற செயல். அதே விதிமுறை மின்பாடம், இணையவழிப் பாடம் ஆக்குபவர்களுக்குப் பணி மேம்பாட்டில் மதிப்பெண் தருகிறது. நல்லதுதான். ஆனால் மதிப்பெண் பின்னால் வருவது. நேரம் இன்றைக்கு வேண்டும். கால அட்டவணையில் வாரம் இரண்டு மணி நேரம் குறைத்துத் தருவது முதல்வரால் மட்டுமே ஆகக்கூடிய காரியம்.

சான்றிதழுக்காகவே பயிற்சிக்கு வருகிறார்கள் என்று மூத்தவர்கள் சிலர் குறைப்படுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சான்றிதழ் இல்லாமல் பதவி உயர்வு இல்லை என்று விதி எழுதிவிட்டு, சான்றிதழைத் தேடுகிறவரைக் குறைசொல்லக் கூடாது. சான்றிதழுக்கு வந்தவரும் நல்ல பயிற்சியாக இருந்தால் கற்றுக்கொண்டுதான் போகிறார்.

இன்று நம் பகுதியில் இருப்பவருக்கு என்னென்ன வாய்ப்புகள் இருக்கின்றன? முதலில் இணையவழிப் பாடத் திட்டமான என்.பி.டி.இ.எல். ஐ.ஐ.டி.களும் இந்திய அறிவியல் கழகமும் 2003இல் தொடங்கியது, சென்னை ஐ.ஐ.டி.யிலிருந்து ஒருங்கிணைக்கப்படுகிறது. சேரக் கட்டணம் இல்லை, தேர்வுக்கு மட்டும் உண்டு. 8 வாரப் படிப்பை முடிக்கும் ஆசிரியருக்கு அது ஒரு வார ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சியாகக் கணக்கிடப்படுகிறது. 2017 ஜூலையில் தொடங்கிய ஒன்றிய அரசின் இணையவழிப் படிப்புத் தளமான ஸ்வயம் இதைவிடப் பரந்தது. அதில் மாணவர்கள் படிக்கும் பாடங்களின் கிரெடிட்டைத் தம் கல்லூரிப் படிப்பில் ஏற்றுக்கொள்ள 2016இல் 20 விழுக்காடு வரை இடம் தந்த யு.ஜி.சி., 2021இல் அதை 40 விழுக்காடு ஆக்கியது. இது தெரியாத முதல்வர் தன் மாணவருக்கு ஒரு கதவை மூடி வைத்திருக்கிறார் என்றே சொல்வேன். இருந்தாலும் இந்தத் தளங்களில் ஆசிரியர்கள் பெரும்பாலும் பார்வையாளர்கள். கற்றுக்கொள்கிறார்கள், ஆக்குவதில்லை.

பல்கலை நகரில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சி மையம் இருக்கிறது. கல்விப் பணியாளர் கல்லூரி என்று பழையவர்கள் இன்றும் அழைக்கும் அந்த மையங்கள் 2023 செப்டம்பர் முதல் ஒன்றிய அரசின் மாளவியா ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் கீழ் நாடெங்கும் புதுப்பெயரில் இயங்குகின்றன. பதிப்புரிமைக்கும் திறந்த உரிமத்துக்கும் இத்தகைய மையங்கள் முழு நாள் ஒதுக்க வேண்டும், துறைத்தலைவர்களுக்கும் முதல்வர்களுக்கும் தனி வகுப்பு நடத்த வேண்டும் என்பது என் வேண்டுகோள். பல்கலைக்கழகம் 1970களிலேயே அஞ்சல்வழிக் கல்வி நடத்திய இடம். ஆசிரியர் அருகில் இல்லாத மாணவருக்குத் தமிழில் பாடம் எழுதிப் பழகிய பேராசிரியர்கள் ஓய்வுபெற்று இந்த ஊரிலேயே இருக்கிறார்கள். ஒரு பத்தியில் ஒரே கருத்து, பக்கத்துக்குப் பக்கம் தன்மதிப்பீட்டுக் கேள்வி, பழகிய சொல்லில் விளக்கம் என்று அவர்கள் கற்ற கைத்திறன் எந்தக் காணொளி வகுப்பிலும் கிடைக்காது. அவர்களை அழைத்துப் பேசவைக்க ஆகும் செலவு ஆட்டோ வாடகையும் ஒரு சால்வையும்தான்.

ஆசிரியர் அல்லாதவர்களை எல்லாரும் மறந்துவிடுகிறோம். பம்பாய் ஐ.ஐ.டி.யின் ஸ்போக்கன் டுடோரியல் திட்டம் கட்டற்ற மென்பொருள்களைப் பத்து நிமிட அளவிலான காணொளிகளாகக் கற்றுத்தருகிறது; பலவற்றுக்குத் தமிழ்க் குரலும் உண்டு. எங்கள் அலுவலகத் தட்டச்சர் அக்கா ஒருவர் லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளை முழுக்க அதில்தான் கற்றார். இப்போது துறைகளின் பாடக்குறிப்புகளைச் சீரான வடிவத்தில் அமைத்துத் தருபவர் அவர்தான். பயிற்சி அழைப்பிதழில் ‘ஆசிரியர்களுக்கு மட்டும்’ என்ற வரி இருக்கும்வரை இப்படிப்பட்டவர்கள் தனியாகத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

உரிமங்களை ஆழமாகக் கற்க விரும்பும் நூலகர்களுக்குக் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பே சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. கட்டணம் தனி ஒருவருக்கு அதிகம். கல்லூரி ஏற்றால் ஒருவர் படித்து வந்து பத்துப் பேருக்குச் சொல்லலாம். யுனெஸ்கோ 2019 நவம்பரில் திறந்த கல்வி வளங்களுக்காக ஏற்றுக்கொண்ட பரிந்துரையில் ஐந்து செயல் களங்கள் இருக்கின்றன. அதில் முதலாவது, இவற்றை ஆக்கவும் பயன்படுத்தவும் ஆட்களின் திறனை வளர்ப்பது. கொள்கை வகுப்பது அதற்கு அடுத்ததாக வருகிறது. உறுப்பு நாடுகள் ஒருமனதாக ஏற்ற ஆவணம் இது. முதல்வரின் மேசையில் வைக்க இதைவிட வலுவான தாள் என்னிடம் இல்லை.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த சிந்தனை, நமக்கு ஒட்டாது என்று நினைப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு மதுரைத் திட்டத்தைக் காட்டுவேன். 1998 பொங்கலில், சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம், அமெரிக்காவில் இருந்த குமார் மல்லிகார்ஜுனன் ஆகியோரின் முன்முயற்சியில் தன்னார்வலர்கள் தமிழ் இலக்கியங்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் கொடுக்கத் தொடங்கினார்கள். அந்தக் கோப்புகளின் தலைப்பில் ஒரு குறிப்பு இருக்கும்: முகப்புப் பக்கத்தை மாற்றாமல் யாரும் இலவசமாகப் பரப்பலாம். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் வருவதற்கு நாலு ஆண்டுகளுக்கு முன்பே தமிழர்கள் தமக்கென்று ஓர் அனுமதி வாசகம் எழுதிவிட்டார்கள். அதற்கும் வெகுகாலம் முன்பு, 1949இல், பாரதியின் படைப்புரிமையைச் சென்னை அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்குப் பொதுவாக்கியது. தமிழ்த்துறை ஆசிரியர்கள் நாள்தோறும் திறந்த வளத்தில்தான் பாடம் நடத்துகிறார்கள். மற்றத் துறைகளுக்கு அவர்களே முதல் பயிற்றுநர்களாக இருக்கலாம்.

என் நூலகத்தின் பின்வரிசை அலமாரியில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் 1970களில் கல்லூரிகளுக்காக வெளியிட்ட தமிழ்ப் பாடநூல்கள் இருக்கின்றன: விலங்கியல், வேதியியல், உளவியல், வரலாறு. கலைச்சொற்களுக்காக அவர்கள் பட்ட பாடு பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது. அறிவியல் ஐம்பது ஆண்டு முன்னேறிவிட்டது. நடை இன்றும் தெளிவாக இருக்கிறது. அவற்றில் பலவற்றை அரசு மின்வடிவில் படிக்கத் தந்திருக்கிறது. திருத்தி வெளியிடும் உரிமத்தையும் வெளிப்படையாகத் தந்தால், ஒரு துறை ஆசிரியர்கள் கூடி ஒரு கோடை விடுமுறையில் ஒரு நூலைப் புதுப்பித்துவிட முடியும். தமிழ்வழியில் படிக்கும் மாணவருக்கு இன்று கையில் இருப்பது பெரும்பாலும் வினா விடைக் கையேடுதான். அதைவிட நல்லது அவருக்குக் கிடைக்க வேண்டும். அதைக் கொடுக்கும் ஆட்கள் பசுமலையிலிருந்து அழகர்கோவில் சாலைவரை எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கிறார்கள்.

ஆகவே எங்கள் கல்லூரியில் இந்த ஆண்டு பயிற்சியை வேறு மாதிரி அமைக்கக் கேட்டிருக்கிறேன். ஐந்து நாள் தொடர்ச்சியாக வேண்டாம். பருவம் முழுவதும் சனிக்கிழமைகளில் அரை நாள் போதும். முதல் சனிக்கிழமை முதல்வர், செயலர், துறைத்தலைவர்கள், தேர்வு அலுவலகம், கணக்குப் பிரிவு. அவர்களும் வண்ணப் பென்சில் பிடிக்க வேண்டும். இரண்டாவது வாரத்திலிருந்துதான் ஆசிரியர்களும் ஆய்வக உதவியாளர்களும். பக்கத்துக் கல்லூரிகளில் அதே பாடத்தை நடத்துபவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரே பாடத்தைப் பல இடங்களில் தனித்தனியாக எழுதுவதைவிட அது நல்லது. பருவம் முடியும்போது ஒவ்வொருவரும் சான்றிதழோடு, உரிமக் குறி போட்ட ஒரு பாட அலகையாவது வெளியிட்டிருக்க வேண்டும்.

முதல்வர் பொறுமையாகக் கேட்டார். “அம்மா, தீர்மானத்துக்கு ஒரு வரைவு எழுதிக் கொடுங்கள், ஆட்சிக்குழுவில் வைக்கலாம். முதல் சனிக்கிழமைக்கு நானும் வருகிறேன்” என்றார். வரைவை எழுதிவிட்டேன், மூன்று வரிகள். பாடப்பொருளின் உரிமை அதை எழுதியவருக்கு. திறந்த உரிமத்தில் வெளியிட முன் அனுமதி வேண்டாம், நூலகத்தில் ஒரு படி கொடுத்தால் போதும். வெளியிடும் பருவத்தில் வாரம் இரண்டு மணி நேரம் வகுப்புக் குறைப்பு. மூன்றாவது வரியில் செயலர் கேள்வி கேட்பார் என்று தெரியும். அதற்காகக் கணிதத் துறையின் கால அட்டவணையை எடுத்துவைத்து, யாருடைய மணி நேரத்தை எங்கே மாற்றலாம் என்று துறைத்தலைவருடன் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.